நாற்பத்து மூன்று எண்ணும் வரை

அந்த மழலையர் பள்ளியின் மைதானத்தில் ஒருத்தி எப்போதும் பின்பக்கமாகவே நடப்பாள். குழாயடிக்குப் போனாலும் பின்பக்கம், கேட்டைச் சாத்தப் போனாலும் பின்பக்கம். கண் இரண்டும் பிள்ளைகள் மேல் இருக்கும். கால் தன்பாட்டுக்கு வழி கண்டுபிடித்துப் போகும். பிள்ளைகள் அவளுக்கு ‘ரிவர்ஸ் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் மிச்சம் இருந்தது.

காலை எட்டு மணிக்கு வந்தால் முதல் வேலை மணல் தொட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி இரண்டு கையாலும் மணலைத் துழாவுவாள். ஆணியோ கண்ணாடிச் சில்லோ பூனை விட்டுவிட்டுப் போன சமாசாரமோ, எதுவானாலும் பிள்ளைகள் கைக்கு முன்னால் அவள் கைக்குத்தான் அகப்பட வேண்டும். அடுத்தது சறுக்கு. இரும்புத் தகடு, வெயில் ஏறினால் அடுப்பில் வைத்த மாதிரி ஆகிவிடும். மணிக்கட்டின் உள்பக்கத்தை அதில் வைத்துப் பத்து எண்ணுவாள். பத்து வரை பொறுக்க முடியவில்லையென்றால் குறுக்கே கயிறு கட்டிவிடுவாள். அப்புறம் தாளாளரே வந்து கெஞ்சினாலும் அன்றைக்குச் சறுக்கு கிடையாது. பிள்ளைகள் வந்ததும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகளையெல்லாம் கழற்றி வரிசையாக ஆணியில் மாட்டுவாள். அந்தக் கயிறு ஏறுகம்பியில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

பிள்ளைகள் வருவதற்கு முன் கடைசியாகச் செய்வது ஊஞ்சல் சோதனை. சங்கிலியைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்குவாள். தொங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பதைத் தோட்டக்காரர் பலமுறை பார்த்திருக்கிறார். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள் போல, எவ்வளவு நல்ல மனசு என்று எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். உண்மையில் அவள் முணுமுணுத்தது, “நீ நல்லா இருப்பியா, விளங்குவியா” என்பது. தினமும் ஒரே ஆளுக்கு. பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறாமல்.

பிள்ளைகள் மேல் அவளுக்கு இருந்த கவனத்தை அன்பு என்று பெற்றோர்கள் நினைத்தார்கள். பாதி அன்புதான். மீதிப் பாதி வன்மம். ‘என்னையா பிள்ளை பார்க்கத் தெரியாதவள் என்று சொன்னாய், பார்க்கிறேனா இல்லையா பார்’ என்று கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியிடம் தினமும் நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒருத்தி, அவள் முன்பு வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை. எல்லாரும் பெரிய டீச்சர் என்பார்கள். அங்கே ஊஞ்சலின் மேல் கொக்கி தேய்ந்து நகக்கண் அளவுக்கு ஆகியிருந்ததை இவள்தான் முதலில் பார்த்தாள். மூன்று தடவை போய்ச் சொன்னாள். முதல் தடவை, “பாத்துக்கலாம்.” இரண்டாம் தடவை, “எல்லாம் எனக்குத் தெரியும், போய் வேலையைப் பாரு.” மூன்றாம் தடவை பெரிய டீச்சர் தானே வந்து அண்ணாந்து பார்த்தார். “ரெண்டு நாள்ல பெரிய மனுஷங்க வராங்க. ஊஞ்சலைக் கழட்டினா மைதானம் மொட்டையா இருக்கும். அவங்க போகட்டும், மாத்திடலாம். ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது?” என்றார்.

பெரிய மனுஷர்கள் வந்த அன்று, மைதானத்தில் பிள்ளைகளோடு நின்றிருந்தவளைப் பெரிய டீச்சர் கைதட்டி வராந்தாவுக்குக் கூப்பிட்டார், நாற்காலி போடுவதற்கு. “பிள்ளைங்ககிட்ட ஆள் யாரும் இல்லையே டீச்சர்” என்றாள். “நாலு நாற்காலி போட எவ்வளவு நேரம்டீ ஆகும்?” என்றார். மூன்றாவது நாற்காலியைத் தூக்கும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஊஞ்சலில் இருந்தது அவளுடைய மகள்தான், ஐந்து வயது. உட்காரும் இரும்புப் பலகை வலது கைமேல் விழுந்திருந்தது.

மருத்துவமனையில் பெரிய டீச்சர் ஒரு தாளை நீட்டினார். “புள்ளைய உள்ள கொண்டுபோகணும், சீக்கிரம் கையெழுத்துப் போடு.” கண்ணீரில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. போட்டாள். ஒரு வாரம் கழித்து அந்தத் தாளை அலுவலகத்தில் வாசித்துக் காட்டினார்கள். அவள் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்ததால் பிள்ளைகளைக் கவனிக்கத் தவறிவிட்டதாக அவளே எழுதிக்கொடுத்தது போல இருந்தது. அப்போது அவளிடம் கைப்பேசியே கிடையாது. அதைச் சொன்னதற்கு, “யார்கிட்டயாவது வாங்கிப் பேசியிருப்ப” என்று கதையை முடித்துவிட்டார்கள்.

வேலை போனதுகூடப் பெரிதில்லை. எட்டு வருஷம் அடுக்குமாடிகளின் படிக்கட்டு கழுவி வயிற்றைக் கழுவிக்கொண்டாள். மகளின் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின; அதற்கும் அந்தப் பிள்ளை பழகிக்கொண்டது. ஆனால் மகளின் நினைவில் அன்றைய தினத்தில் ஒன்றே ஒன்றுதான் தங்கியிருந்தது. ஊஞ்சலிலிருந்து, “அம்மா, என்னைப் பாரு” என்று கத்தியது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கட்டிலருகில் பெரிய டீச்சர் வந்து, “உங்கம்மா பாக்கல கண்ணு, பாத்திருந்தா பிடிச்சிருப்பா” என்று சொன்னது அந்த நினைவோடு ஒட்டிக்கொண்டது. கொக்கியைப் பற்றி மகளிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். மகள் சண்டை போட மாட்டாள். “சரிம்மா, விடு” என்பாள். அந்த ‘விடு’தான் அவளைத் தின்றது. பெற்ற பிள்ளை தன்னை மன்னித்துக்கொண்டே இருக்கிறது, செய்யாத தப்புக்கு. அந்தப் பெரிய டீச்சர் தன் வாயால், ‘அவ மூணு தடவ சொன்னா’ என்று மகள் காதில் விழச் சொல்ல வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு இந்தப் பிறவியில் வேண்டியிருக்கவில்லை.

இந்த மழலையர் பள்ளிக்கு அவள் பெருக்குகிற வேலை கேட்டுத்தான் வந்தாள். தாளாளருக்காகக் காத்திருந்தபோது சறுக்கின் பக்கவாட்டில் ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. வேன் ஓட்டுநரிடம் ஸ்பேனர் வாங்கி முறுக்கிக்கொண்டிருந்தவளைத் தாளாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பயந்த சுபாவம் உள்ள மனிதர். பெற்றோர் யாராவது குரல் உயர்த்தினால் அவருக்குக் கண்ணாடி வேர்த்துவிடும். அப்படிப்பட்டவருக்கு இவளைப் போல ஒருத்தி கிடைத்தது பாக்கியம். அன்றே மைதானத்தை அவளிடம் கொடுத்துவிட்டார்.

வந்ததும் அவள் மூன்று சட்டம் போட்டாள். முதலாவது, வெயிலுக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மஞ்சள் தொப்பி போட்டிருப்பார்கள். தொப்பியை எண்ணக் கூடாது, மூக்கை எண்ண வேண்டும். தொப்பி யார் தலையிலும் ஏறும், மூக்கு ஒருத்தருக்கு ஒன்றுதான். இரண்டாவது பிள்ளைகளுக்கானது. “எங்கயாவது மாட்டிக்கிட்டா அழக் கூடாது. ஒண்ணு ரெண்டு எண்ணணும். இருபது வரதுக்குள்ள அக்கா வந்துடுவேன்.” அவர்களுக்கு இருபது வரைக்கும்தான் தெரியும். மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளைகூட பன்னிரண்டைத் தாண்டி எண்ண நேர்ந்ததில்லை. மூன்றாவது சட்டம் பதிவேடு பற்றியது. மைதானத்தில் சின்னச் சிராய்ப்பு என்றாலும் கண்டதைக் கண்டவர்தான் தன் கையால் எழுத வேண்டும். ஒருத்தர் எழுதியதில் இன்னொருத்தர் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ‘குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி. நடத்துபவர், முப்பது ஆண்டு அனுபவம் பெற்ற...’ அதற்குமேல் அவள் வாசிக்கவில்லை. முகம் கொஞ்சம் ஊதியிருந்தது, முடி வெளுத்திருந்தது. சிரிப்பு அதே சிரிப்பு. ஓய்வு பெற்ற பெரிய டீச்சர் இப்போது பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அன்று ஊஞ்சல் சங்கிலியில் அவள் தொங்கிய வேகத்தில் தோட்டக்காரர் பயந்தே போனார். “பாத்தும்மா, கம்பம் பேந்து வந்துடப் போகுது” என்றார்.

பயிற்சி நாளன்று மகளுக்கு விடுமுறை. “நீயும் வாடீ” என்று கூட்டிக்கொண்டு வந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. கூடத்தில் ஆசிரியைகள், ஆயாக்கள், ஐந்தாறு பெற்றோர்கள். முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பெரிய டீச்சர் அவள் பக்கம் திரும்பித் தண்ணீர் கேட்டார், வாங்கிக் குடித்தார். அடையாளம் தெரியவில்லை. ஆயாக்களின் முகத்தை அந்தம்மா எந்தக் காலத்தில் பார்த்தார், இப்போது ஞாபகம் வைத்துக்கொள்ள?

பேச்சு சரளமாகத்தான் இருந்தது. நடுவில் பெரிய டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். எங்க ஸ்கூல்ல ஒரு ஆயா இருந்தா. சொந்தப் பொண்ணு ஊஞ்சல்ல ஆடிட்டிருக்கு, இவ போன்ல சிரிச்சுப் பேசிட்டு நிக்கறா. ஊஞ்சல் அறுந்து பிள்ளை கை போச்சு. பெத்த பிள்ளையையே பாக்காதவ அடுத்தவங்க பிள்ளையை எங்க பாக்கப் போறா?”

கூடமே உச்சுக்கொட்டியது. ‘அடப்பாவி’ என்றது ஒரு குரல். பதினோரு வருஷத்தில் கைப்பேசியோடு சிரிப்பு வேறு சேர்ந்திருந்தது.  பக்கத்தில் மகள் வலது கையை மடியில் துப்பட்டாவுக்கு அடியில் மறைத்துக்கொண்டாள். மறைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கோபமான பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அது ‘விடும்மா’ என்கிற அதே பார்வை.

எழுந்து கத்தியிருக்கலாம். ஆனால் கத்தினால் ஒரு ஆயா கத்தியதாகத்தான் போகும். அந்தம்மாவிடம் அதற்கு ஆயிரம் பதில் இருக்கும். ‘இரு. அடுத்தது மைதானம். அங்கே உன் வாய் ஜாலம் எடுபடாது’ என்று கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செயல்முறைக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு மஞ்சள் தொப்பிகள். “இன்னைக்கு நீ வேலிக்கு வெளிய நில்லும்மா. எப்படிப் பாக்கறதுன்னு நான் காட்டறேன்” என்றார் பெரிய டீச்சர். அவள் கழுத்திலிருந்த விசிலையும் சாவியையும் கழற்றிக் கொடுத்தாள். சாவி, பந்துப் பெட்டியினுடையது. மைதானத்தின் கோடியில் சுவரோரம் இருந்த பெரிய இரும்புப் பெட்டி அது. மூடி விழுந்தால் கொண்டி தானாக மாட்டிக்கொள்ளும். புதுப் பெட்டி கேட்டிருந்தாள், அடுத்த மாதம் வரும் என்றார்கள். அதுவரை பந்தை எடுத்த கையோடு பூட்டிவிடுவாள். “பந்தை எடுத்ததும் பூட்டிடுங்க டீச்சர்” என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள். “எல்லாம் எனக்குத் தெரியும்” என்றார்.

பெரிய டீச்சர் பந்தை எடுத்த பிறகும் பெட்டி திறந்தபடியே கிடந்தது. பெரிய டீச்சர் நடுவில் நின்று பந்து போட, பெற்றோர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்தார்கள். அவள் படத்தைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தாள். அதில் ஒன்று, பொந்து எதைக் கண்டாலும் நுழைந்துவிடும் நாலு வயதுப் பெண் பிள்ளை. பூனைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பூனைக்குட்டி தன் தொப்பியைக் கழற்றி ஸ்பிரிங் குதிரையின் தலையில் அழகாக மாட்டியது. குதிரையைத் தட்டிக்கொடுத்தது. சுவரோரம் போய் ஒரு கல்லின் மேல் ஏறி, பந்துப் பெட்டிக்குள் குதித்தது. மூடி விழுந்தது. பந்து விளையாட்டின் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

அதே நேரம் பெரிய டீச்சர் விசில் ஊதினார். “இப்ப எண்ணிக்கை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணணும்.” விரலை நீட்டி நீட்டி எண்ணினார். குதிரைத் தலையையும் சேர்த்து எண்ணினார். “இருபத்திரண்டு, சரியா இருக்கு!” பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பதினோரு வருஷம் அவள் தூக்கத்தில் கண்டதைவிட இது நன்றாக இருந்தது. முப்பது ஆண்டு அனுபவம் தொப்பியை எண்ணிவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பார்கள். ஒன்று குறையும். அத்தனை பேர் முன்னால், தாளாளர் முன்னால், தன் மகள் முன்னால் அந்தச் சிரிப்பு வழிந்து கீழே விழும். ‘தேடு. அலறு. பிள்ளையைக் காணோம் என்றால் எப்படி இருக்கும் என்று நீயும் பார்’ என்று மனம் கூத்தாடியது. பழக்க தோஷம், உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. பெட்டி பெரிய பெட்டி, காற்று இருக்கும். பதினைந்து. வெயிலில்தான் கிடக்கிறது, ஆனாலும் இப்போதுதானே மூடியது. இருபத்தாறு. பெரிய டீச்சர் இவள் பக்கம் திரும்பி, “பாத்துக்கிட்டியாம்மா? இவ்வளவுதான் வித்தை” என்று சிரித்தார். முப்பத்து நாலு. சிரி, நல்லாச் சிரி. நாற்பது. ரெண்டு நிமிஷத்தில் என்ன ஆயிடப் போகுது?

அந்த வாக்கியம் மனதில் ஓடி முடிந்தபோது அது தன் குரலாக இல்லை. அன்று ஊஞ்சலடியில் அண்ணாந்து நின்று பேசிய பெரிய டீச்சரின் குரல். நாற்பத்து மூன்றில் வேலியைத் தாண்டினாள்.

சேலை வேலியில் கிழிந்தது. கொண்டி கையைச் சுட்டது; சுடட்டும். மூடியைத் தூக்கி எறிந்தாள். பூனைக்குட்டி உள்ளே பந்துகளுக்கு நடுவில், தலையிலிருந்து கால் வரை வேர்வையில் நனைந்து, முகம் ரத்தச் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தூக்கி மார்போடு அணைத்ததும் காதருகே குறை சொன்னது.

“இருபது வந்துடுச்சு. நீ வரல.”

“வந்துட்டேன்டா கண்ணு, வந்துட்டேன்.”

“நீ வரலல்ல, அதனால நான் திரும்பவும் ஒண்ணுலேர்ந்து எண்ணினேன். அதுலயும் இருபது வந்துடுச்சு.”

 பிள்ளையை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்தாள். பிள்ளையின் அம்மா வேலியைச் சுற்றி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் கதை வேறு என்றார்.

டாக்டர் போன பிறகு அலுவலக அறையில் தாளாளரின் கண்ணாடி வேர்த்திருந்தது. பெரிய டீச்சர் கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தார். “உங்க ஆயாதான் சார் பெட்டியைப் பூட்டாம போட்டிருக்கா. நான் போகும்போதே திறந்துதான் இருந்துச்சு. இவங்களை நம்பினா இப்படித்தான்.”

பூனைக்குட்டியின் அம்மா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள். “அப்ப அது என்ன மேடம், உங்க கழுத்துல?”

பெரிய டீச்சரின் கழுத்தில் விசிலோடு சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது.

 தாளாளர் பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரிவர்ஸ் அக்கா பேனாவை வாங்கினாள். இதற்குமேல் அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தொப்பியையும் சாவியையும் எழுதினால் அந்தம்மாவின் கதை முடிந்தது. ஆனால் பதிவேட்டுச் சட்டம் அவள் போட்டது. கண்டதைக் கண்டவர் எழுத வேண்டும். இன்னொன்றும் புரிந்தது அவளுக்கு. தன் தவற்றை மறைத்துக்கொண்டு அந்தம்மாவின் தவற்றைக் கேட்டால், நாளைக்கு யாராவது ஒரு வார்த்தையில் தட்டிவிடுவார்கள். தன்னையும் சேர்த்துக் கொளுத்தினால்தான் அந்தத் தீயிலிருந்து அந்தம்மா தப்ப முடியாது. வேலை போனால் போகட்டும், அவளையும் இழுத்துக்கொண்டு போகட்டும் என்று எழுதினாள். எழுத்துக் கூட்டி, நிதானமாக.

தாளாளர் வாசித்தார். முகம் மாறியது. “என்னம்மா இது? ‘மூடி விழுந்ததை நான் பார்த்தேன். டீச்சர் அவமானப்படட்டும் என்று பேசாமல் நின்றேன். நாற்பத்து மூன்று எண்ணிய பிறகுதான் ஓடினேன்.’ இதை ஏம்மா எழுதறே? யாருக்கும் தெரியாதே!”

“எனக்குத் தெரியும் சார்.”

பூனைக்குட்டியின் அம்மா அவளைப் பார்த்த பார்வையை அவள் குனியாமல் வாங்கிக்கொண்டாள். பிறகு பதிவேட்டைத் திருப்பிப் பெரிய டீச்சர் பக்கம் தள்ளினாள்.

“என்னோடதை எழுதிட்டேன். உங்களோடதை எழுதுங்க.”

பெரிய டீச்சர் இரண்டு வரி எழுதினார், தொப்பியைப் பற்றி, பூட்டைப் பற்றி. பேனாவை வைக்கப் போனார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு டீச்சர். பதினோரு வருஷப் பாக்கி.” கதவோரம் நின்ற மகளைக் கைப்பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். துப்பட்டாவை விலக்கி அந்த வலது கையைப் பதிவேட்டின் மேலேயே வைத்தாள். “கொக்கி தேஞ்சிருக்குன்னு நான் எத்தனை தடவ சொன்னேன்?”

பெரிய டீச்சர் மடங்காத விரல்களைப் பார்த்தார். அப்புறம்தான், முதல் தடவையாக, ஆயாவின் முகத்தைப் பார்த்தார். “நீயா?” என்றார். நாற்காலியில் கொஞ்சம் சரிந்தார்.

“எழுதுங்க மேடம்” என்றாள் பூனைக்குட்டியின் அம்மா. “இல்லன்னா நான் வேற இடத்துல எழுத வைப்பேன்.”

பெரிய டீச்சர் பதிவேட்டை மறுபடியும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எழுதி முடித்ததும் ரிவர்ஸ் அக்கா, “வாசிங்க” என்றாள்.

“எழுதியாச்சேம்மா...”

“என் பொண்ணுக்குக் காது கேக்கும். வாசிங்க.”

“ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருப்பதை ஆயா மூன்று முறை சொன்னாள். நான்தான் இரண்டு நாள் போகட்டும் என்றேன். விழுந்தபோது அவளை நாற்காலி போடக் கூப்பிட்டிருந்தேன். அவளிடம் போன் இல்லை.” கடைசி வரி காற்றாகத்தான் வந்தது.

“கேக்கல டீச்சர். கடைசி வரி.”

“அவகிட்ட போன் இல்ல.”

பதினோரு வருஷம் காத்திருந்தது நடந்துவிட்டது. அவளுக்குக் கை கால் எல்லாம் லேசாகி, எழுந்து நின்று சிரிக்க வேண்டும் போல இருந்தது. மகள் பக்கம் திரும்பினாள். மகள் பதிவேட்டின் மேல் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாள். பெரிய டீச்சர் எழுதியதை முடித்துவிட்டு மேலே போய் அம்மா எழுதியதையும் வாசித்தாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. கொண்டி சுட்ட அம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நீ பாக்கல, அதனால வரலை. உன்மேல தப்பு இல்லம்மா” என்றாள். கையை விடாமலே, அதே மெதுவான குரலில் கேட்டாள். “இன்னைக்குப் பாத்துட்டே எப்படிம்மா நின்ன?”



தாளாளர் அவளை அனுப்பிவிடவில்லை. ஒரு மாதம் மைதானத்துக்கு வரக் கூடாது என்றார். ஸ்டோர் அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பந்துப் பெட்டி மறுநாளே போய்விட்டது. அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் பெற்றோர்களிடையே கைக்குக் கை மாறிப் போனதில், பெரிய டீச்சரை எந்தப் பள்ளியும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டாள். இனித்தது. அதைச் சொல்வதற்கு அவளுக்கு வெட்கமில்லை. அந்தம்மா மேல் இருந்த கோபமும் ஒரு துளி குறையவில்லை. இப்போது அதைத் தனியாக அந்தம்மா மேல் மட்டும் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து மைதானத்துக்குத் திரும்பிய காலையில் மணலைத் துழாவி, மணிக்கட்டைச் சறுக்கில் வைத்துப் பத்து எண்ணி, சங்கிலியில் தொங்கினாள். முணுமுணுப்பு வரவில்லை. பிள்ளைகள் வந்தார்கள். அட்டைகளைக் கழற்றி மாட்டினாள். மூக்குகளை எண்ணிக்கொண்டு பின்பக்கமாகக் குழாயடிக்குப் போகும்போது சேலையை யாரோ இழுத்தார்கள். பூனைக்குட்டி. முகமெல்லாம் பெருமை.

“அக்கா, நீ லேட்டா வந்தாலும் பரவாயில்ல. இப்ப எனக்கு அம்பது வரைக்கும் எண்ணத் தெரியும்.”